தோட்டத்துக் கொட்டகையும் மேல்காற்றும்

தோட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் அதில் ஒரு கொட்டகை இல்லாமல் வேலை ஓடுவதில்லை. மண்வெட்டி, களைக்கொத்து, தெளிப்பான், உரமூட்டை, விதைப்பொட்டலம், பறித்த காய்களை வாடவிடாமல் வைக்கும் கூடை ஆகிய யாவற்றுக்கும் ஒரு நிழல் வேண்டும். மழை சட்டென்று பிடித்துக்கொண்டால் ஒதுங்க ஓர் இடம் வேண்டும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் இடையே நாள்தோறும் சாமான்களைச் சுமந்து திரிவதில் கழியும் நேரத்தை ஓர் ஆண்டுக்குக் கணக்கிட்டுப் பார்த்தால், கொட்டகைக்குப் போட்ட பணம் வீண்செலவன்று என்பது விளங்கும். ஆனால் எத்தகைய கொட்டகை, எந்த முகமாக, எதைக் கொண்டு கட்டுவது என்ற கேள்விகளுக்கு விடை ஊருக்கு ஊர் மாறும். தஞ்சாவூருக்குப் பொருந்துவது தென்காசிக்குப் பொருந்தாது. குத்துக்கல்வலசையிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் சொந்த நிலத்திலோ குத்தகை நிலத்திலோ பத்து சென்ட், இருபது சென்ட் என்று தோட்டம் செய்யும் நம் அங்கத்தினர்களை முன்னிட்டே இதனை எழுதுகிறோம்.

நம் பகுதிக்கு அமைந்த தனி இயல்பு காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கத்தில் சற்றே தாழ்ந்து ஒரு கணவாயை விட்டிருக்கிறது. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மிஞ்சிய ஈரத்தைக் குற்றாலத்துச் சாரலாகத் தெளித்துக்கொண்டு, இந்தக் கணவாயின் வழியே நெருக்குண்டு பாய்ந்து நம் சமவெளியில் இறங்குகிறது. அகன்ற வாய்க்காலில் மெல்லச் செல்லும் தண்ணீர் குறுகிய மதகில் வேகம் பிடிப்பதைப் போன்றதே இதுவும். தமிழ்நாட்டில் காற்றாலைகள் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களின் முகப்பில் திரளாக நிற்பதன் காரணம் இதுவே. ஆனி பிறந்தது முதல் ஆவணி கழியும்வரை மேல்காற்று ஓய்வதில்லை. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்ற பழமொழியைப் பிற ஊரார் வேடிக்கைக்காகச் சொல்லக்கூடும். நம் ஊரார் தகரக் கூரையை வைத்திருந்தால் அவ்வளவு வேடிக்கையாகச் சொல்லமாட்டார்கள்.

கொட்டகை கட்டுவோர் பெரும்பாலும் அது விழுந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். ஆகவே கால்களைப் பருமனாக்குகிறார்கள், சுவரைத் தடிப்பாக்குகிறார்கள். இங்கே அஞ்சவேண்டியது கூரை விழுவதற்கன்று, கூரை பறப்பதற்கு. இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டால் மற்ற முடிவுகள் பலவும் தாமே வந்துவிடும்.

இது எவ்வாறு என்பதைச் சற்று விளக்குவோம். காற்று ஒரு கூரையின் மேல் விரைந்து ஓடும்போது கூரைக்கு மேலே அழுத்தம் குறைகிறது. கூரைக்குக் கீழே அடங்கியிருக்கும் காற்றோ அழுத்தம் குறையாமல் இருக்கிறது. எனவே கூரையைக் கீழிருந்து மேலே தள்ளும் விசை ஒன்று பிறக்கிறது. காற்று வரும் திசையில் கொட்டகை திறந்திருந்தால், உட்புகுந்த காற்று வெளியேற வழியின்றி உள்ளேயே முட்டிக்கொண்டு அந்த விசையை இன்னும் பெருக்குகிறது. மேற்கு நோக்கித் திறந்த கொட்டகை என்பது காற்றுக்கு விரித்துப் பிடித்த குடை.

கணக்கு வேண்டுவோர்க்குக் கணக்கும் உண்டு. கட்டடங்களின்மேல் காற்றுத் தாங்கும் அளவைக் குறிக்கும் இந்தியத் தர நிர்ணயமான 875இன் மூன்றாம் பகுதி நம் பகுதிக்கு நொடிக்கு 39 மீட்டர் என்ற வேகத்தை அடிப்படையாக வைக்கிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் என்று கொள்ளலாம். இது நாள்தோறும் அடிக்கும் காற்றன்று; நெடுங்காலத்தில் ஒருமுறை வரக்கூடிய பெருவீச்சு. எனினும் கட்டுகிறவன் அந்த ஒருமுறைக்கும் சேர்த்துத்தான் கட்டவேண்டும். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டர் பரப்பின்மேல் காற்று செலுத்தும் அழுத்தம் ஏறத்தாழ 93 கிலோ எடைக்குச் சமம். 10 அடிக்கு 12 அடிக் கொட்டகைக்குச் சுற்றிலும் ஓரடி இறவாணம் விட்டால் கூரை 12 அடிக்கு 14 அடி ஆகும். ஏறக்குறைய பதினைந்தரைச் சதுர மீட்டர். கூரையின் சரிவையும் திறப்பையும் பொறுத்து மேல்நோக்கிய விசை கூடும், குறையும். முழு அளவில் கொண்டால் 1,400 கிலோவைத் தாண்டும். அந்தக் கூரைக்கு இடும் அரை மில்லிமீட்டர்த் தகரம் முழுவதன் எடையோ 75 கிலோவுக்கு மேற்படாது. ஒரு மனிதனின் எடையுள்ள தகரத்தை ஒரு பாரவண்டிச் சுமை அளவுள்ள விசை இழுக்கும்போது நடுவே நிற்பவை நாம் அடிக்கும் ஆணிகள்தாம்.

தகரத்தின்மேல் கருங்கல்லையும் பழைய டயரையும் மணல்மூட்டையையும் ஏற்றி வைக்கும் வழக்கம் எங்கும் காணப்படுகிறது. நான்கு மூட்டை மணல் 150, 200 கிலோ ஆகலாம். மேலே சொன்ன கணக்குக்கு அது எம்மாத்திரம்? சாதாரணக் காற்றில் தகரம் படபடக்காமல் இருக்க அவை உதவும். பெருங்காற்றில் தகரம் கிளம்பும்போது கல்லும் உடன் கிளம்பி யார் தலையிலேனும் இறங்கும். அக்கல்லை மேலே வைப்பதைவிட மண்ணுக்குள் வைப்பதே அறிவுடைமை.

மண்ணுக்குள் வைக்கும் கல் என்றவுடன் நம் ஊரின் பெயரே நினைவுக்கு வருகிறது. குத்துக்கல் என்பது நட்டு நிறுத்திய கல். வலசை என்பது இடம்பெயர்ந்து வந்தோர் தங்கிய குடியிருப்பு. இவ்வூருக்கு இப்பெயர் வந்த கதையை ஆராய்வது நம் வேலையன்று. ஆயினும் கொட்டகைக்கு நல்ல கால் எது என்று கேட்டால் நட்ட கருங்கல்லையே முதலில் சொல்வோம். அரையடிச் சதுரமும் ஒன்பதரை அடி நீளமும் உள்ள ஒரு கருங்கல் தூண் ஏறத்தாழ 175 கிலோ இருக்கும். ஆறு தூண்கள் சேர்ந்தால் ஆயிரம் கிலோவுக்கு மேல். கூரையை இத்தூண்களோடு உறுதியாகப் பிணைத்துவிட்டால், மேற்சொன்ன விசையின் பெரும்பகுதியைத் தூணின் எடையே தாங்கிக்கொள்ளும். எஞ்சியதை, தூணைச் சுற்றி இறுக இடித்த மண் தாங்கும். கரையான் அதைத் தொடாது. ஈரம் அதை அரிக்காது. கொட்டகையைப் பிரித்தாலும் கல் கல்லாகவே இருக்கும், வேறிடத்தில் நடலாம்.

கல்லுக்கும் ஒரு குறை உண்டு. அது எடையைத் தாங்குமே தவிர வளைவைத் தாங்காது. பக்கவாட்டில் பலமாக மோதினால் படக்கென்று ஒடியும். ஆதலின் தூணை இரண்டரை அடிக்குக் குறையாமல் புதைக்கவேண்டும். குழியைத் தூணுக்கேற்ற அளவில் மட்டும் தோண்டி, உடைகல்லும் மண்ணும் மாற்றி மாற்றி இட்டு, ஒவ்வோர் அரையடிக்கும் தண்ணீர் விட்டுக் கடப்பாரையால் இடிக்கவேண்டும். தூணின் தலையில் ஒரு துளை வேண்டும். தூண் கிடக்கும்போதே கல் தச்சரிடம் சொல்லி, உச்சியிலிருந்து நான்கைந்து அங்குலம் கீழே இத்துளையைப் போட்டுக்கொள்வது எளிது. நட்டபின் போடுவது பெரும்பாடு. அத்துளையின் வழியே திருகாணி செலுத்தி, இரும்புப் பட்டையால் உத்தரத்தைத் தூணோடு கட்டவேண்டும். சணல் கயிறும் கட்டுக்கம்பியும் இவ்விடத்துக்கு ஆகா. கயிறு வெயிலில் மக்கும். கம்பி காற்றில் ஆடி ஆடித் தேய்ந்து அறும்.

கல் கிடைக்காத இடத்தில் சிமெண்டுக் கால் நடலாம். இரும்புக் குழாயும் ஆகும். குழாயானால் ஒன்றரை அடிச் சதுரத்தில் இரண்டரை அடி ஆழக் குழியில் காங்கிரீட்டு இட்டு நிறுத்துக. அக்கட்டி ஒன்றே 350 கிலோவுக்கு மேல் இருக்கும். சவுக்கும் மூங்கிலும் மலிவு. ஆயினும் மண்ணோடு சேரும் இடத்தில் இரண்டாம் ஆண்டே கரையான் ஏறிவிடும். தார் பூசினால் சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவே.

பனையைப் பற்றி ஒரு சொல். வைரம் பாய்ந்த பனங்கை நம் முன்னோர் வீடுகளில் இரண்டு தலைமுறை கடந்து இன்றும் நிற்கிறது. பழைய வீடு பிரிக்கும் இடத்தில் அத்தகைய கைமரங்கள் விலைக்கு வந்தால் தயங்காமல் வாங்கலாம். புதிதாகப் பனையை வெட்டுவது வேறு விஷயம். பனைமரம் நம் மாநில மரம். அதனை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு தமிழக வேளாண் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. ஒரு கொட்டகைக்காக நிற்கும் பனையைச் சாய்ப்பதில் எமக்கும் உடன்பாடில்லை.

இனிக் கொட்டகையின் முகம். 10 அடிப் பக்கம் மேற்கே இருக்கட்டும். 12 அடிப் பக்கம் வடக்கிலும் தெற்கிலும் இருக்கட்டும். காற்று மோதும் பரப்பு இதனால் குறையும். கூரை ஒற்றைச் சரிவாக மேற்கே தாழ்ந்து கிழக்கே உயரவேண்டும். மேற்கில் 6 அடி, கிழக்கில் 8 அடி. மேல்காற்று தாழ்ந்த விளிம்பில் ஏறி வழுக்கிப் போகும். இதை மாற்றி உயர்ந்த பக்கத்தை மேற்கே வைத்தால் காற்றின் இழுப்பு கூரையின் விளிம்பை நேரே பற்றிக்கொள்ளும். மேற்குப் பக்கம் முழுச்சுவராக இருக்கவேண்டும். கதவும் காற்றுவழியும் கிழக்கில் இருக்கவேண்டும். காற்றை மேற்கே அடைத்துக் கிழக்கே திறந்துவிட்டால், கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போகும் காற்று உள்ளிருக்கும் காற்றையும் கிழக்கே இழுத்துச் செல்லும். உள்ளே அழுத்தம் குறையும். அது கூரையைத் தன்பால் இழுத்துப் பிடிக்கும். காற்றைக் கொண்டே கூரையைக் காப்பதற்கு இதைவிடச் செலவில்லாத வழி கிடையாது.

ஐப்பசி, கார்த்திகை மழை கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அடிக்கும் என்பதை மறந்துவிட்டோம் என்று அன்பர்கள் எண்ணவேண்டாம். அம்மழைக்குக் கிழக்கு இறவாணத்தை அரையடி கூட்டி, கதவருகே ஒரு படுதா தொங்கவிட்டாற் போதும். வாடைக்காலத்து மழை கனத்ததாயினும், புயல் வந்தாலொழிய, அதன் காற்று மேல்காற்றைப் போல மூன்று மாதம் விடாமல் அசைத்துப் பார்ப்பதன்று. மழைக்கு வேண்டியது உயர்ந்த தரை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அத்தகைய நாள் நமக்கும் வரக்கூடும். சுற்றுநிலத்தைவிட ஓரடியேனும் தரையை மேடாக்கி, ஓரங்களில் கல் அடுக்கி, சரளை மண் இட்டு இடித்துக்கொள்க. வாய்க்காலின் ஓரத்தில், தண்ணீர் தேங்கும் மூலையில், குளத்தின் உட்புறத்தில் கொட்டகை போடுவது அறவே கூடாது. குளத்து நீர்ப்பரப்பில் போட்டால் 2007ஆம் ஆண்டு நிறைவேறிய தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டப்படி அகற்றப்படும். செலவும் போகும், பெயரும் போகும்.

மேற்குச் சுவருக்குச் செங்கல் வைக்க விரும்புவோர் மலைக்கு அப்பால் திருவனந்தபுரத்தில் லாரி பேக்கர் காட்டிய வழியைப் பின்பற்றலாம். இங்கிலாந்தில் பிறந்து 1945இல் இந்தியாவுக்கு வந்து, 2007இல் மறையும்வரை சிக்கனக் கட்டடக் கலைக்கே உழைத்த பெரியார் அவர். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, இரு வரிசைகளுக்கும் நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை அவர் பெரிதும் பரப்பினார். எலிப்பொறிக் கட்டு என்று அதற்குப் பெயர். அதே தடிப்புள்ள சாதாரணச் சுவரைவிடக் கால்பங்கு செங்கல் குறையும். நடுவிலுள்ள வெற்றிடம் வெப்பத்தையும் தடுக்கும். மற்ற மூன்று பக்கங்களுக்கும் மூங்கில் தட்டியோ கம்பி வலையோ போதும். கொட்டகையில் எல்லாப் பக்கமும் சுவர் எழுப்புவது பணத்தை இடம் மாற்றிச் செலவிடுவதாகும். அப்பணம் கூரைப் பிணைப்புக்குப் போகட்டும்.

கூரைக்கு எது என்பதில்தான் ஒவ்வொருவருக்கும் ஓர் அபிப்பிராயம் இருக்கிறது. ஓலையின் குளிர்ச்சிக்கு ஈடு இல்லை. தென்னங்கிடுகு ஓரிரண்டு ஆண்டில் மாற்றவேண்டியது. பனையோலை அதைவிட நீடிக்கும். ஓலைக்குப் பகை தீ. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியொன்றில் சமையற்கூடத்தில் பற்றிய தீ ஓலைக்கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. ஓலைக் கொட்டகையில் அடுப்பு மூட்டுவதும், மின்மோட்டாரும் மின்விசைப் பலகையும் வைப்பதும் கூடா. இம்மூன்றும் இல்லாத, கருவிகளும் காய்கறியும் மட்டும் வைக்கும் கொட்டகைக்கு ஓலை இன்றும் நல்லதே.

ஓடு இரண்டாவது. பாசல் மிஷன் பாதிரிமார் 1865ஆம் ஆண்டு மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து மேற்குக் கடற்கரை முழுதும் பரவி, கணவாய் கடந்து நம் ஊர்களுக்கும் வந்தது இந்தச் சீமை ஓடு. ஒரு சதுர மீட்டருக்குப் பதினைந்து ஓடு அளவில் வேண்டும். எடை நாற்பது கிலோ அளவில் வரும். ஓட்டுக்கு ஓடு இடுக்கு இருப்பதால் உள்ளிருக்கும் காற்று சிறிது வெளியேறும்; ஆகவே தகரத்தைப் போல் ஒரே தகடாகக் கிளம்பாது. ஆனால் சரிவு அதிகம் வேண்டும், ஒற்றைச் சரிவுக் கூரைக்கு ஒத்துவராது, மரச்செலவும் மிகும். குற்றாலத்தை அடுத்த ஊர்களுக்கு மற்றொரு தொல்லையும் உண்டு. குரங்குகள் ஓட்டின்மேல் குதித்து விளையாடுவதைத் தடுக்க எந்தச் சங்கத்தாலும் முடியாது.

தகரத்தின் வரலாறும் கொட்டகையின் வரலாறே. இலண்டன் துறைமுகத்தில் பொறியாளராக இருந்த பாமர் என்பவர் 1829இல் நெளிதகட்டுக்கு உரிமை பெற்றார். துறைமுகக் கொட்டகைக்கே அது முதலில் பயன்பட்டது. தகட்டை நெளித்தால் அதே எடையில் பன்மடங்கு விறைப்புக் கிட்டும் என்பதே அவர் கண்ட உண்மை. இன்று வண்ணம் பூசிய தகடுகள் வேண்டிய நீளத்துக்கு வெட்டிக் கிடைக்கின்றன. நாம் சொன்ன கொட்டகைக்கு மேற்கிலிருந்து கிழக்காக ஒரே நீளத் தகடாகப் போட்டால் நடுவில் ஒட்டு இராது. தகரத்தைச் சாதாரண ஆணியால் அடிப்பது பெரும்பிழை. காற்று அசைக்க அசைக்க ஆணி மேலே வந்துவிடும். கொக்கித் திருகாணியோ துளைதிருகாணியோ, நீர் புகாத வளையத்துடன், நெளிவின் முகட்டில் இறக்குக. பள்ளத்தில் இறக்கினால் ஒழுகும். காற்றின் இழுப்பு கூரையின் நடுவிடத்தைவிட விளிம்பிலும் மூலையிலும் மிகுதி. ஆகவே நடுவில் மூன்று நெளிவுக்கு ஒன்று இட்டாலும், நான்கு விளிம்புகளிலும் ஒன்றுவிட்டு ஒரு நெளிவில் திருகாணி இருக்கவேண்டும். இறவாணத்தை ஓரடிக்கு மேல் நீட்டவேண்டாம். மேற்கில் அதையும் குறைக்கலாம். வெப்பத்துக்கு, மேலே வெள்ளை பூசுவது எளிய மாற்று.

சிமெண்டு அட்டை என்று கடைகளில் சொல்லப்படுவதில் கல்நார் கலந்தது உண்டு. எல்லா வகைக் கல்நாரும் புற்றுநோய் விளைவிக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியிருக்கிறது. அதனை அறுக்கும்போதும் துளையிடும்போதும் எழும் தூசு மூச்சில் சேர்வது தீது. அது வேண்டாம் என்பதே எம் கருத்து; முன்பே போட்டவர்கள் அதை உடைக்காமலும் தேய்த்துக் கழுவாமலும் விட்டுவைக்கட்டும்.

கொட்டகைக்குள் எது இருக்கும் என்பதையும் கட்டும் முன்பே எண்ணிக்கொள்ளவேண்டும். சின்ன வெங்காயம் வைப்போர் தகரத்தின்கீழ் வைத்தால் வெப்பத்தில் புழுங்கிக் கெடும். அதற்கு ஓலையே ஏற்றது. கீழேயும் கல் அடுக்கி, தரைக்குமேல் ஓரடி உயரத்தில் மூங்கிலோ பனைவரிச்சோ பரப்பி, காற்று அடிவழியே போய்வரும்படி குறுகிய பட்டறையாக அமைக்கவேண்டும். யூரியா காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் பண்டம். சாரல் காலத்தில் சுவரோடு சாய்த்தால் கல்லாக இறுகும். பலகையின்மேல், சுவரைவிட்டு ஒரு முழம் தள்ளி அடுக்குக. பூச்சிமருந்துக்குப் பூட்டுள்ள தனிப் பெட்டி வேண்டும். விதை, தீவனம், குடிதண்ணீர்ப் பானை ஆகியவற்றின் அருகில் அது இருத்தலாகாது. மருந்துப் புட்டியின்மேல் காணும் நிற அடையாளத்தில் சிவப்பு மிகக் கொடிய நஞ்சு. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமை குறையும். பூட்டின் சாவி வீட்டுப் பெரியவரிடம் இருக்கட்டும். குழந்தையின் அறியாமைக்கும் பெரியவர்களின் ஒருகணத்து ஆத்திரத்துக்கும் அந்தப் பூட்டு குறுக்கே நிற்கும்.

நெசவாளர் அங்கத்தினர்களுள் சிலர் தோட்டத்துக் கொட்டகையிலேயே ஒரு தறியையும் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். போடலாம், ஆனால் அது வேறு கொட்டகை. தகரத்தின் உலர்ந்த வெப்பத்தில் பருத்தி இழை அறும். ஓடோ ஓலையோ வேண்டும். வெளிச்சம் வடக்கிலிருந்து வந்தால் நாள் முழுதும் ஒரே சீராக இருக்கும். குழித்தறியானால் தரைமேடு ஓரடி போதாது. மழைநீர் குழிக்குள் ஊறாதபடி மேட்டிடத்தைத் தேர்ந்து இரண்டடி உயர்த்தவேண்டும். உரமூட்டையையும் பாவையும் ஒரே கூரையின்கீழ் வைப்பது எவ்வகையிலும் பொருந்தாது.

மின்சாரம் இழுப்போர் இரண்டு செய்திகளை நினைவிற் கொள்க. கம்பி தகரத்தைத் தொடும்படி எங்கும் செல்லலாகாது. காற்றில் தகரத்தின் விளிம்பு கம்பியின் உறையை அறுத்துவிட்டால் கொட்டகை முழுதும் மின்சாரம் பாயும். கசிவு கண்டவுடன் தானே நிறுத்தும் விசையும், முறையான தரை இணைப்பும் இன்றியமையாதவை. செல்லும் மின்கம்பித் தடத்தின் நேர் கீழே கொட்டகை வேண்டவே வேண்டாம்.

அளவைப் பற்றி மேனாட்டார் ஒரு நல்ல வழக்கம் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் நிலமில்லாதோர்க்கு ஊராட்சிகள் வாடகைக்கு விடும் தோட்டத்துண்டுகளுக்கு 1908ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படை. ஒரு துண்டு ஏறத்தாழ ஆறு சென்ட். ஜெர்மனியிலும் அத்தகைய சிறுதோட்டச் சங்கங்கள் நூறாண்டுக்கு மேலாக நடக்கின்றன. அங்கே 1983ஆம் ஆண்டுச் சட்டம், தோட்டக்குடில் முன்தாழ்வாரத்தோடு சேர்த்து 24 சதுர மீட்டருக்கு மேற்படலாகாது, அது குடியிருக்கும் வீடாகவும் ஆகலாகாது என்று வரையறுக்கிறது. போருக்குப்பின் வீடிழந்த பெர்லின் மக்கள் அக்குடில்களிலேயே குடியிருந்த அனுபவமும் அவர்களுக்கு உண்டு. கொட்டகை வளர வளரத் தோட்டம் தேயும் என்பதை அவர்கள் அறிவார்கள். நம் 10 அடிக்கு 12 அடிக் கொட்டகை பத்து சென்ட் தோட்டத்தில் நூற்றுக்கு மூன்று பங்குக்கும் குறைவாகவே இடங்கொள்ளும். அதற்குமேல் பெரிதாக்க நினைப்போர், உள்ளே வைக்கப்போகும் சாமான்களைத் தரையில் பரப்பிக் கயிறுகட்டி அளந்து பார்த்தபின் முடிவு செய்யட்டும்.

குத்தகை நிலத்தில் தோட்டம் செய்வோர்க்குத்தான் கொட்டகை பெரிய கவலை. பணம் போட்டுக் கட்டியபின் நிலத்துக்காரர் நிலத்தைத் திரும்பக் கேட்டால் கொட்டகை யாருக்கு? 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, குத்தகைதாரர் தாம் நிலத்தில் பொருத்தியவற்றைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம், நிலத்தை முன்பிருந்தபடி ஒப்படைக்கவேண்டும் என்று பொதுவிதி கூறுகிறது. ஆனால் அதே சட்டத்தின் 117ஆம் பிரிவு வேளாண்மைக் குத்தகையை இவ்விதிகளிலிருந்து பொதுவாக விலக்கி வைத்திருக்கிறது. ஆகவே சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று வாளாவிருத்தல் ஆகாது. வழக்கு மன்றத்தில் நிற்கும் செலவு பத்துக் கொட்டகைக்கு ஆகும். குத்தகைச் சீட்டிலேயே, கால், கைமரம், தகரம் யாவும் குத்தகைதாரருடையவை, விலகும்போது எடுத்துச் செல்லலாம் என்ற இரண்டு வரியை எழுதி இருவரும் கையொப்பம் இடுவது நன்று. வாய்வார்த்தையில் நெடுநாள் நல்லுறவோடு இருப்பவர்களும் இதை எழுதிக்கொள்வதால் நட்பு குறைந்துவிடாது. நிலத்துக்காரரின் மக்கள் காலத்தில் அந்த இரண்டு வரி பேசும். குத்தகை நிலத்தில் செங்கற்சுவர் வேண்டாம். மேற்குப் பக்கத்துக்கும் தகட்டையே பட்டையிட்டு முடுக்குக. எல்லா இணைப்பும் திருகாணியாலேயே இருந்தால் நான்கு பேர் ஒரே நாளில் பிரித்து வண்டியில் ஏற்றிவிடலாம். திருகாணிகளுக்கு ஆண்டுக்கொருமுறை எண்ணெய் விடாவிட்டால் துருவேறி அந்த நன்மையும் போய்விடும்.

பயிர்க்கடனாக வாங்கிய பணத்தைக் கொட்டகையில் போடுவதை நாம் ஆதரிக்கவில்லை. பயிர்க்கடன் அறுவடையோடு திரும்பவேண்டிய பணம். கொட்டகை ஒரு பருவத்தில் முதலைத் திருப்பித் தராது. கையிருப்புப் போதாதவர்கள் முதலாண்டில் தரைமேடும் கற்கால்களும் ஓலையும், இரண்டாம் ஆண்டில் உத்தரம் மாற்றித் தகரமும் என்று படிப்படியாகச் செய்யலாம். கால் ஒழுங்காக நின்றுவிட்டால் கூரை எப்போதும் ஏறலாம். அடுத்தடுத்த தோட்டக்காரர் ஐந்தாறு பேர் சேர்ந்தால் கல் தச்சருக்கு ஒரே தடவையில் முப்பது தூணுக்கும் துளை சொல்லிவிடலாம். தகட்டையும் திருகாணியையும் மொத்தமாக வாங்கலாம். 175 கிலோக் கல்லைத் தூக்கி நிறுத்தக் கூலியாளைத் தேடாமல் ஒருவர் தோட்டத்துக்கு மற்றவர் கைகொடுக்கலாம்.

கூரையில் விழும் மழையையும் விடவேண்டாம். நம் அளவுக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 150 லிட்டருக்கு மேல் தண்ணீர் சேரும். மேற்கே தாழ்ந்த விளிம்பில் ஒரு தகரக் காலும் மூடியிட்ட ஒரு பீப்பாயும் வைத்தால் நாற்றங்காலுக்கும் மருந்து கலக்கவும் ஆகும். நிரம்பிய பீப்பாய் 200 கிலோ. அதை மேற்குத் தூணோடு பட்டையால் சேர்த்துக் கட்டிவிட்டால், சாரல் காலத்தில் அதுவும் கொட்டகையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

வேலையைத் தொடங்க ஏற்ற மாதங்கள் மாசி, பங்குனி. மண் உலர்ந்திருக்கும், நட்ட தூண் இறுகச் சித்திரையும் வைகாசியும் கிடைக்கும். ஏற்கெனவே கொட்டகை உள்ளவர்கள் வைகாசிக் கடைசியில் ஏணி வைத்து ஏறி, மேற்கு விளிம்புத் திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துப் பார்க்கட்டும். அசைவது எதுவாயினும் அன்றே மாற்றட்டும். மேலே கல் இருந்தால், இறங்கும்போது அதையும் இறக்கிவிடலாம்.